ஹனோயில் ஒன்றரை மணி நேரம்

தாராளமாக உட்காருங்கள், ஐயா. அந்த இருக்கைக்கு ஆள் உண்டு, என் தோழி. ஆனால் எப்போது வருவாள் என்று சொல்ல இயலாது. பையை மட்டும் மேல்தட்டில் வைத்துவிடுங்கள். நடைவழியில் வைத்தால் தேநீர் வண்டி தள்ளிவரும் பெண் இடறி விழுவாள். பிறகு அவளிடம் வருத்தம் தெரிவிக்க உங்களுக்கு மொழி தெரியாது. ஆம், தமிழ்தான். தொலைபேசியில் யாரிடமோ 'சாப்பிட்டாச்சா' என்று நான்கு முறை கேட்டீர்களே, அப்போதே தெரிந்துகொண்டேன். திண்டுக்கல்லா? நல்லது. நின் பின் என்ற ஊரின் நிலையம் வர இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. உங்கள் சுற்றுலாக் குழுவினரும் உறங்கிவிட்டார்கள்.

இந்த முதுகுப்பையா? என்னுடையதுதான். அறுபத்தெட்டு வயதில் இதென்ன கோலம் என்று உங்கள் கண்கள் கேட்கின்றன. வாய் கேட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். பருத்திப் புடவை, கான்வாஸ் காலணி, முதுகில் ஏழு கிலோ. ஏழுக்கு மேல் ஒரு கிராம் இல்லை. எங்கள் தெரு காய்கறிக் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்துத்தான் புறப்பட்டேன். கடைக்காரர் முதலில் சிரித்தார். பிறகு பையின் வாரை அவரே இறுக்கிவிட்டார்.

உங்கள் குழு ஹனோயில் எத்தனை நாள் இருந்தது? ஒரு நாளா? ஒரே நாளில் ஒரு தலைநகரைப் பார்ப்பது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. நான் ஐந்து நாட்கள் ஒதுக்கியிருந்தேன். அந்த ஐந்து நாட்கள் எப்படிக் கழிந்தன என்பதைத்தான் சொல்லப்போகிறேன். உங்களுக்குத் தூக்கம் வந்தால் தூங்கலாம். நான் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டேன். ஆனால் தூங்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

என் பெயர் தில்லைநாயகி. ஒரு பல்கலைக்கழகத்தின் தேர்வுத் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றேன். தேர்வுக் கால அட்டவணை என் பொறுப்பு. என் காலத்தில் ஒரு தேர்வும் நேரம் தவறித் தொடங்கியதில்லை, புயலடித்த ஓர் ஆண்டைத் தவிர. அந்த ஆண்டும் நான் நேரத்திற்கு வந்திருந்தேன், மாணவர்கள்தாம் வரவில்லை.

என்னுடன் வந்தவள் ஜெபமாலை. தூத்துக்குடிக்காரி. என் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகள் எனக்குக் கீழே பணியாற்றியவள். என்னைவிட இரண்டு வயது இளையவள். கணவர் காலமாகி ஆறாண்டுகள் ஆகின்றன. மகன் ஓசூரில் இருக்கிறான். அவள் என் நெருங்கிய தோழி. இன்றும் என்னை 'மேடம்' என்றுதான் அழைப்பாள். இனி அப்படி அழைக்க வேண்டாம் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். 'சரி மேடம்' என்றாள்.

இப்போது விஷயத்திற்கு வருகிறேன். கோவைக்கு மேற்கே மூத்தோருக்கென்று ஒரு குடியிருப்பு கட்டியிருக்கிறார்கள். அதில் இரண்டு படுக்கையறை உள்ள வீடு ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. கிழக்கு பார்த்த பலகணி. சமையலறையிலிருந்து மலை தெரியும். ஆனால் அதை இருவருக்குத்தான் தருவார்கள். தனியாளென்றால் ஓரறை வீடு, தெருவைப் பார்த்தது. பிப்ரவரியில் நான் குளியலறையில் விழுந்துவிட்டேன். பால்காரர் வந்து கதவைத் தட்டும்வரை இரண்டு மணி நேரம். அதைப் பற்றிப் பேசவேண்டியதில்லை. இருவர் சேர்ந்திருப்பது வசதி என்று தோன்றியது, அவ்வளவுதான். ஜெபமாலையைக் கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். யோசிப்பதற்கு ஒருவருக்கு உதவி தேவைப்படும் அல்லவா? அதற்காகத்தான் இந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தேன். முப்பது நாள், விடுதி, ரயில், வயிற்றுக் கோளாறு. இவற்றை ஒன்றாகக் கடந்த இருவர் எந்தக் கூரையின் கீழும் சேர்ந்து வாழலாம். குடியிருப்புக்காரர்கள் எங்கள் ஹனோய் நாட்கள் முடியும்வரைதான் அந்த வீட்டை நிறுத்திவைப்பதாகச் சொன்னார்கள். ஆகவே ஐந்தாம் நாளுக்குள் அவள் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லியாகவேண்டும். விமானத்தில் அதை அவளுக்கு நினைவூட்டினேன். ஊரைப் பார்ப்போம் மேடம் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

நான் யார்மீதும் எதையும் திணிப்பவள் அல்ல. இதை நீங்கள் குறித்துக்கொள்ளவேண்டும். எட்டுக் கட்டில் கொண்ட பெண்கள் அறையில் மேல்கட்டில் யாருக்கு, கீழ்க்கட்டில் யாருக்கு என்பதை அவளையே முடிவு செய்யச் சொன்னேன். என் முழங்கால் வலியைக் கருதிக் கீழ்க்கட்டிலை எனக்கு விட்டுக்கொடுத்தாள். ஐந்து நாட்களுக்கும் ஒரு கால அட்டவணை தயாரித்திருந்தேன், உண்மைதான். ஆனால் அதில் எதிர்பாராத வியப்புகளுக்கென்று நாள்தோறும் பதினைந்து நிமிடங்கள் ஒதுக்கியிருந்தேன். சிரிக்கிறீர்கள். அந்தப் பதினைந்து நிமிடங்கள் இல்லாத அட்டவணைகளை நான் பார்த்திருக்கிறேன்.

முதல் நாள் ஏரியும் பழைய நகரமும். பழைய நகரம் எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. ஒரு தெருவில் தகரப் பாத்திரங்கள் மட்டும், ஒரு தெருவில் பட்டு மட்டும். இன்னொரு தெருவில் இறந்தவர்களுக்கு எரித்து அனுப்பும் காகிதப் பொருள்கள் மட்டும்: காகித வீடு, காகிதச் சட்டை, காகிதச் செருப்பு. தேடவேண்டிய அவசியமே இல்லை. யாரோ ஒரு நல்ல எழுத்தர் நகரத்தையே வகைப்படுத்திக் கோப்பில் அடுக்கியதுபோல் இருந்தது. பிடிக்காதது சாலை. சாலையைக் கடக்க இடைவெளி வரும்வரை காத்திருப்பது என் கொள்கை. அந்த ஊரில் இடைவெளி என்ற ஒன்று கிடையாது. மோட்டார் சைக்கிள்கள், மோட்டார் சைக்கிள்கள், ஒன்றின்மேல் ஒரு குளிர்பதனப் பெட்டியைக்கூடக் கண்டேன். பதினெட்டு நிமிடம் ஓரத்திலேயே நின்றோம். பிறகு ஜெபமாலை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டாள். நிற்கவும் கூடாது, ஓடவும் கூடாது, ஒரே சீராக நடந்தால் அவர்களே சுற்றிப் போய்விடுவார்கள் என்றாள். சுற்றித்தான் போனார்கள். இதை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டேன். எதிர்ச்சாரியில் ஒரு பெண் முட்டைக்கூடையோடு கடந்ததைப் பார்த்தாளாம். நானும் அதே இடத்தில்தான் நின்றிருந்தேன். நான் வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் நாள் இலக்கியக் கோயில். நீங்கள் போகவில்லையா? வருந்தத்தக்கது. அரசுத் தேர்வில் தேறியவர்களின் பெயர்களைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டி, கல் ஆமைகளின் முதுகில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எண்பத்திரண்டு கற்பலகைகள். தேர்வு முடிவுகளைக் கல்லில் வெளியிட்ட ஒரு நாடு! மறுமதிப்பீடு கோரி எவனும் வந்திருக்கமாட்டான். நான் எண்பத்திரண்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எழுத்து விளங்காவிட்டாலும் வரிசை விளங்கியது. ஜெபமாலை நான்காவது ஆமைக்குப் பிறகு மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். தேறாதவர்கள் பெயரெல்லாம் எங்கே மேடம் என்று மட்டும் கேட்டாள். வேடிக்கையான பெண்.

அட்டவணையில் அவளுக்காகவே ஒரு பகுதி வைத்திருந்தேன். காலை ஒன்பதரை மணிமுதல் பத்து மணிவரை தேவாலயம். ஏரிக்கு அருகிலேயே பெரிய தேவாலயம் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் அவள் அங்கே சென்று செபித்துவிட்டு, சரியாகப் பத்து மணிக்கு ஏரியின் சிவப்பு மரப்பாலத்து வாயிலில், இடப்புறத் தூணருகே என்னைச் சந்திக்கவேண்டும். முதல் நாள் அவள் பதினொன்றரைக்கு வந்தாள்.

என்ன ஆயிற்று என்று கேட்டேன். தன் கைக்கடிகாரத்தைக் காட்டினாள். பத்து மணி. பழைய சாவிக் கடிகாரம். பணியில் சேர்ந்த ஆண்டில் வாங்கியது. இந்திய நேரத்தை மாற்றவே இல்லையாம்! மகன் அழைக்கும் நேரம், மாத்திரை நேரம் எல்லாம் அதில்தான் நினைவிருக்கிறதாம். அதனாலென்ன, இந்திய நேரத்தோடு ஒன்றரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள், அவ்வளவுதானே என்று விளக்கினேன். தாளில் எழுதியும் காட்டினேன். சரி மேடம் என்றாள். இரண்டாம் நாளும் பதினொன்றரை. மூன்றாம் நாளும் பதினொன்றரை. பருவத்திற்கு நாற்பதாயிரம் மதிப்பெண் பட்டியல்களைக் கூட்டிச் சரிபார்த்தவள், ஐயா. ஒரு புள்ளி பிசகியதில்லை. அவளுக்கு ஒன்றரையைக் கூட்ட வரவில்லை. வயது ஒவ்வொருவரையும் ஒவ்வோர் இடத்தில் தொடுகிறது என்று எண்ணி, கடிந்துகொள்ளாமல் இருந்தேன். உள்ளூர் சிம் அட்டை என்னிடம் மட்டும்தான் இருந்தது. அவளுடைய தொலைபேசி விடுதிக்குள் மட்டுமே வேலை செய்யும். அழைத்துப் பேசவும் வழியில்லை. தூணருகே நின்றேன். மூன்று நாட்கள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம். ஏரியைச் சுற்றி எத்தனை மரங்கள் என்று வேண்டுமானால் கேளுங்கள்.

நான் அப்போதே உணர்ந்திருக்கவேண்டும். கூட்டல் பிழை என்றால் ஒருநாள் கூடும், ஒருநாள் குறையும். மூன்று விடைத்தாள்களில் ஒரே அளவில் பிழை வந்தால் அது பிழை அன்று என்பது என் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம்.

நான்காம் நாள் முழங்கால் வலி தாங்கவில்லை. மருந்துக்கடை தேடித் தேவாலயத்தின் பின்புறச் சந்துக்குள் சென்றேன். அங்கே ஒரு மரத்தடியில் ஓர் அம்மாள் நடைபாதையில் தேநீர் விற்கிறாள். நம் ஊரில் குழந்தைகள் குளிக்க உட்காரும் மணை அளவுக்கு நான்கைந்து பிளாஸ்டிக் முக்காலிகள். அவற்றில் ஒன்றில் ஜெபமாலை உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு கட்டு வள்ளைக்கீரை. தேநீர்க்கார அம்மாளின் மடியில் இன்னொரு கட்டு. இருவரும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். நடுவே ஒரு தட்டில் பொரித்த சிறு மீன். ஜெபமாலை ஒன்றை எடுத்தாள், தலையைக் கிள்ளிப் போட்டாள், மீதியை முள்ளோடு கடித்தாள். உங்களுக்கு இது சாதாரணமாகத் தோன்றும். ஜெபமாலைக்கு மீனில் விருப்பமே கிடையாது. இருபத்திரண்டு ஆண்டுகள் என் எதிரில் உட்கார்ந்துதான் மதிய உணவு சாப்பிட்டாள். ஒரு நாளும் மீன் கொண்டுவந்ததில்லை. தூத்துக்குடியில் பிறந்தும் இப்படியொரு கட்டுப்பாடா என்று நான் பலரிடம் மெச்சிப் பேசியிருக்கிறேன்.

நான் ஒளிந்து பார்த்தேன் என்று எண்ணவேண்டாம். ஒரு மரத்திற்குப் பின்னால் நின்றேன், அவ்வளவுதான்.

ஜெபமாலை தமிழில் பேசிக்கொண்டிருந்தாள், தன் மருமகளைப் பற்றி. அந்த அம்மாள் தன் மொழியில் நீளமாக ஏதோ பதில் சொன்னாள். 'ஆமா, அவளுவ அப்படித்தான் சொல்லுவாளுவ' என்றாள் இவள். இருவரும் சிரித்தார்கள். ஜெபமாலை சிரித்தால் இடது கன்னத்தில் குழி விழும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். பிறகு அவள் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். கையைத் துடைத்தாள். கடிகாரத்தைக் கழற்றி, குமிழை நகத்தால் இழுத்து, முள்ளைப் பின்னோக்கித் திருப்பினாள். நிதானமாக, ஒன்றரைச் சுற்று. குமிழை அழுத்தினாள். கையில் கட்டிக்கொண்டு எழுந்தாள்.

நான் அவளுக்கு முன்பாகப் பாலத்தை அடைந்துவிட்டேன். எப்படி அவ்வளவு வேகமாக நடந்தேன் என்று முழங்காலுக்கே தெரியாது. சரியாகப் பதினொன்றரைக்கு அவள் வந்து நின்று, 'பத்துதானே மேடம்?' என்றாள்.

'பத்துதான்' என்றேன்.

அன்று பிற்பகல் அட்டவணைப்படி அருங்காட்சியகம் பார்த்தோம். என் தண்ணீர்ப் புட்டியையும் அவளே சுமந்து வந்தாள். விடுதிக்குத் திரும்பியதும் அவள் துணி துவைக்கப் போன நேரத்தில் குடியிருப்புக்காரர்களுக்கு எழுதிவிட்டேன். ஒரு பெயர் போதும், ஓரறை வீடு போதும். மூன்று வரிகள். நான் கோபத்தில் எழுதவில்லை. கோபத்தில் எழுதினால் எனக்கு ஒற்றுப் பிழை வரும்; அதில் ஒன்றுகூட இல்லை. ஒருத்தி என்னுடன் இருப்பதற்குத் தன் கடிகாரத்தையே ஏமாற்றவேண்டியிருக்கிறது என்றால் அவளை ஏன் வருத்தவேண்டும்? அவள் வாயால் இல்லை என்று சொல்லும் சங்கடத்திலிருந்து அவளைக் காப்பாற்றினேன். பெருந்தன்மை என்றுதான் அன்றைக்கு அதற்குப் பெயர் வைத்திருந்தேன்.

ஐந்தாம் நாள் காலை, விடுதியின் உணவுக்கூடத்தில், அவள் தட்டில் வாழைப்பழ அப்பம் இருக்கும்போது சொன்னேன். உனக்குச் சிரமம் வேண்டாமென்று ஒரு பெயரை மட்டும் கொடுத்துவிட்டேன், நேற்று நீ கடிகாரத்தைத் திருப்பியதைப் பார்த்தேன், எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை என்றேன். மென்மையாகத்தான் சொன்னேன்.

ஜெபமாலை முள்கரண்டியைக் கீழே வைத்தாள். 'பாத்துட்டா பத்துதான்னு சொன்னீங்க?'

நான் கைக்குட்டையை எடுத்து நான்காக மடித்தேன்.

'பிட்டோட பிடிபட்ட பையன்கிட்டகூட விளக்கம் எழுதி வாங்குவோம் மேடம். வாங்காம ஒருத்தனையும் நீங்க வெளியே அனுப்புனதில்ல. அந்த விளக்கத்த எல்லாம் நாந்தான் டைப் அடிச்சேன். எனக்கு மட்டும் அது கிடையாதா?'

உண்மை, ஐயா. ஒருவன் தொடையில் சூத்திரம் எழுதி வந்திருந்தான். கண்ணால் கண்டோம். அவனுக்கும் தாள் கொடுத்து, நாற்காலி கொடுத்து, நடந்ததை எழுது தம்பி என்று சொல்லிவிட்டு நாற்பது நிமிடம் காத்திருந்தவள் நான். அவன் தன் பாட்டியின் உடல்நலத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினான். அதையும் கோப்பில் சேர்த்தோம்.

அவள் மேலும் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை, பக்கத்து மேசைப் பெண்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 'அந்த ஒன்றரை மணி நேரம் இல்லன்னா நான் ரெண்டாம் நாளே ஓசூருக்கு டிக்கெட் போட்டிருப்பேன். அது இருந்ததாலதான் உங்ககூடவே இருந்துரலாம்னு தைரியம் வந்துச்சு. இன்னைக்குச் சொல்லணும்னுதான் இருந்தேன்.'

எழுந்தாள். தட்டைக் கழுவி அடுக்கினாள். மின்னூட்டத்தில் இருந்த தொலைபேசியை எடுக்காமலே வெளியே போய்விட்டாள்.

நான் என்ன செய்தேன் என்று நீங்கள் கேட்கவேண்டும். உடனே குடியிருப்பு அலுவலகத்தை அழைத்தேன். இந்தியாவில் அப்போது காலை ஏழரை மணி. ஒரு காவலாளி எடுத்தார். மீண்டும் அழைத்தேன், மீண்டும் அழைத்தேன். கடைசியில் மேலாளர் பேசினார். அந்த வீட்டை வேறொரு தம்பதியர் கேட்டிருக்கிறார்கள், அவர்கள் பன்னிரண்டு மணிக்குக் கையெழுத்திட வருகிறார்கள், அதற்கு முன் நீங்கள் இருவரும் படிவத்தில் கையெழுத்திட்டால் வீடு உங்களுக்கு என்றார். படிவம் தொலைபேசிக்கு வந்தது. திரையிலேயே விரலால் எழுதிவிடலாம். அவர்களுக்குப் பன்னிரண்டு என்றால் எங்களுக்கு ஒன்றரை. என் கையெழுத்தை அப்போதே இட்டுவிட்டேன். மிக அழகாக விழுந்தது.

அட்டவணையில் அன்றைய காலை முழுவதும் பொருள்களைப் பைக்குள் அடுக்குவதற்காக விடப்பட்டிருந்தது. சந்திப்பு எதுவும் குறிக்கவில்லை. ஆயினும் பத்து மணிக்குப் பாலத்து வாயிலுக்குச் சென்று இடப்புறத் தூணருகே நின்றேன். பதினொன்றரைக்கு வந்துவிடுவாள் என்று நம்பினேன். அவள் எல்லாவற்றிலும் ஒழுங்கானவள். பதினொன்றரை ஆயிற்று. பன்னிரண்டும் ஆயிற்று. இருபத்திரண்டு ஆண்டுகளில் ஜெபமாலை நேரம் தவறியது அதுதான் முதல் முறை.

அவள் எங்கே இருப்பாள் என்பது எனக்குத் தெரியும். பத்து நிமிட நடை. ஆனால் அங்கே நான் அழைக்கப்படவில்லை. அது அவளுடைய நேரம். அங்கே நான் இல்லாததுதான் அதன் சிறப்பே. இதை எல்லாம் தூணருகே நின்று வரிசையாக யோசித்தேன். யோசித்து முடிக்கப் பன்னிரண்டரை ஆகிவிட்டது. இன்னும் யோசித்தால் அந்தத் தம்பதியர் மலையைப் பார்த்துச் சமைப்பார்கள் என்று தோன்றியது. நடந்தேன்.

நடுவில் அந்தச் சாலை. தனியாக. முழங்கையைப் பிடிக்க ஆள் இல்லை. நிற்கக் கூடாது, ஓடக் கூடாது என்பது நினைவில் இருந்தது. ஆனால் கால் இறங்கியதும் என் வலக்கை தானாக உயர்ந்துவிட்டது. தேர்வறையில், எழுதுவதை நிறுத்துங்கள் என்று சொல்லும்போது உயர்த்துவேனே, அந்தக் கை. ஹனோயில் யாரும் எழுதுவதை நிறுத்தவில்லை. ஆனால் சுற்றிப் போனார்கள். ஓர் இளைஞன் தானும் கையை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனான். வணக்கம் என்று எண்ணிவிட்டான் போலும்.

மரத்தடியில் அதே முக்காலி, அதே கீரை. ஜெபமாலை என்னைப் பார்த்தாள், அடுத்த தண்டை எடுத்தாள். தேநீர்க்கார அம்மாள் ஒரு முக்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினாள். உட்கார்வதற்கு எனக்குச் சிறிது நேரம் பிடித்தது. அதைப் பற்றிப் பேசவேண்டியதில்லை. 'இவங்கதான் எங்க மேடம்' என்று ஜெபமாலை அவளிடம் தமிழிலேயே சொன்னாள். அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்து, ஓகோ என்பதுபோல் மெல்லத் தலையை ஆட்டினாள். நான்கு நாட்களாக என்னைப் பற்றி என்னவெல்லாம் சொல்லப்பட்டிருக்கிறது என்பது அந்தத் தலையாட்டலில் எனக்கு விளங்கிவிட்டது. பிறகு ஒரு பிடி கீரையை என் மடியில் போட்டாள்.

நான் ஆய்ந்தேன். விரல்நீளத்திற்கு, எல்லாத் துண்டும் ஒரே அளவாக. அந்த அம்மாள் சற்று நேரம் பார்த்தாள். என் கையிலிருந்து வாங்கி, தண்டில் நான் விட்டுவைத்திருந்த நாரையெல்லாம் மறுபடி உரித்துப் போட்டாள். ஜெபமாலை வாயைப் பொத்திக்கொண்டாள்.

'விளக்கம் கேட்டிருக்கவேண்டும்' என்றேன். 'கேட்கவில்லை. தவறு என்னுடையது.'

'எழுதித் தருவீங்களா மேடம்?'

'தருகிறேன். இரண்டு பிரதிகள்.'

அவள் ஒரு தண்டை உரித்து முடித்தாள். 'அடுப்பு ஒண்ணுதானே அந்த வீட்டுல. நான் மீன் கொழம்பு வெப்பேன்.'

'உனக்கு மீன் பிடிக்காதே.'

'யாரு சொன்னா?'

யோசித்துப் பார்த்தேன். உண்மையாகவே யோசித்துப் பார்த்தேன்.

'நீங்கதான் சொல்லிட்டிருந்தீங்க, எல்லார்கிட்டயும்' என்றாள். 'நான் எப்பச் சொன்னேன்?'

மீன் வாடைக்குச் சாம்பிராணி போடலாம், மின்விசிறி வைக்கலாம் என்று என்னென்னவோ தோன்றியது. எதையும் சொல்லவில்லை. சமையலறையில் பெரிய சன்னல் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். மலையைப் பார்த்த சன்னல். திறந்தே வைத்துக்கொள்ளலாம்.

அவள் கீரையைப் பார்த்துக்கொண்டே, 'எங்க போடணும் கையெழுத்து?' என்று கேட்டாள்.

பையிலிருந்து தொலைபேசியை எடுத்து நீட்டினேன். என் பெயருக்குக் கீழே அவளுக்கான கட்டம் இருந்தது. மணி ஒன்று இருபத்து மூன்று. அவள் விரலை வைத்து இழுத்தாள், ஒன்றும் விழவில்லை. மீண்டும் இழுத்தாள். கை ஈரம், கீரைச்சாறு, மீன் எண்ணெய். திரை அவள் விரலை ஏற்கவே இல்லை. ஒன்று இருபத்து நான்கு. கையை நன்றாகத் துடைத்துவிட்டு எழுது என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லவில்லை, ஐயா. மணி என்ன என்றும் சொல்லவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு நீளமான நிமிடத்தை நான் எந்தத் தேர்வறையிலும் கண்டதில்லை.

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். துணி ஒன்றும் அகப்படவில்லை. என் முந்தானையை எட்டி இழுத்தாள். கஞ்சி போட்டு மடித்த முந்தானை. என்னைக் கேட்கவில்லை. ஒவ்வொரு விரலாக, இடுக்கு இடுக்காக, எந்த அவசரமும் இல்லாமல் துடைத்துக்கொண்டாள். அப்புறம் திரையில் தன் முழுப் பெயரையும் எழுதினாள்.